கடல் காணாத களம்

சென்ற ஆடிப் பதினெட்டன்று வீட்டார் எல்லாரும் காவிரிக்குப் புறப்பட, நான் மட்டும் சங்ககிரிக் கோட்டை ஏறினேன். 1805-ஆம் ஆண்டு ஆடிப்பெருக்கு நாளில் தீரன் சின்னமலையும் தம்பியரும் தூக்கிலேற்றப்பட்ட மலை அது. உச்சியில் நின்று பார்த்தால் எத்திசையிலும் கடல் தெரியாது. ஆயினும் அம்மாவீரரின் முடிவைக் கடல்தான் தீர்மானித்தது என்பது என் எண்ணம்.

காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756-இல் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் தீர்த்தகிரி. மைசூருக்குச் சென்ற வரிப்பணத்தைப் பறித்து, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவிலுள்ள சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல்லச் சொன்னாராம். எங்கள் பாட்டி சொல்லச் சொல்லச் சலிக்காத கதை! அவரே பின்னாளில் கொங்குப் படையுடன் திப்பு சுல்தானுக்குத் துணை நின்றார். கும்பெனி என்னும் பெரும்பகை முன் பழைய பகை சிறுத்துவிட்டது.

திப்பு பிரெஞ்சுக் கப்பல்களை நம்பினார். அதில் பிழையில்லை, நண்பர்களே. 1781-இல் டி கிராஸின் பிரெஞ்சுக் கப்பற்படை செசபீக் விரிகுடாவை அடைத்து நின்றதால் அன்றோ, யார்க்டவுனில் தப்ப வழியின்றி காரன்வாலிஸ் வாஷிங்டனிடம் சரணடைந்தான்? அமெரிக்கா விடுதலை பெற்றது. அதே காரன்வாலிஸ்தான் 1792-இல் சீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டுத் திப்புவின் நாட்டில் பாதியைப் பறித்தான். இம்முறை அவனை மறிக்கக் கப்பல் வரவில்லை. 1798-இல் மொரீஷியசிலிருந்து மங்களூரில் வந்து இறங்கியவர்கள் ஏறக்குறைய நூறு பேர்! அவ்வாண்டு ஆகஸ்டில் நைல் நதி முகத்தருகே நெல்சன் பிரெஞ்சுக் கப்பற்படையை அழிக்க, நெப்போலியன் எகிப்தில் சிக்கிக்கொண்டார். 1799 மே 4-இல் திப்பு மாண்டார். கோவை கும்பெனி வசமாயிற்று.

அதன்பின்னும் சின்னமலை அடங்கவில்லை. 1800-இல் கோவைக் கோட்டையைத் தாக்கும் திட்டம் முறிந்தது. ஓடாநிலையில் கோட்டை கட்டி, காவிரிக் கரையிலும் ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் கும்பெனிப் படையை முறியடித்தார் என்பர். வென்றும் என்ன? கும்பெனிக்குத் துருப்பும் தளவாடமும் சென்னைக் கரையில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. இவருக்கோ வீழ்ந்த வீரனுக்கு ஈடாக இன்னொரு உழவர் மகன்தான் ஏரை விட்டு வரவேண்டும்.

சமையற்காரன் காட்டிக்கொடுத்ததே காரணம், கப்பல் அன்று என எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் மறுக்கிறார். அவர் பிடிபட்டதற்கு அது காரணம், ஒப்புக்கொள்கிறேன். போரில் தோற்றதற்கும் அதுவே காரணமா என்று திரும்பக் கேட்டேன். மணி அடித்துவிட்டது.