சிறுத்தையைப் புரிந்துகொண்ட ரயில்வே ஊழியர்: ஜிம் கார்பெட் வாழ்க்கை

புனே வட்டாரத்தில் சிறுத்தையைப் பற்றிய செய்தி வராத மாதமே இப்போது இல்லை. மராத்தியர் அதை "பிபட்யா" என்கிறார்கள். ஜுன்னர், ஆம்பேகாவ், கேட், ஷிரூர் தாலுகாக்களில் அது கரும்புத் தோட்டத்திலேயே குட்டி போட்டு வளர்க்கிறது. 2022 மார்ச்சில் சாக்கனில் ஒரு கார் தொழிற்சாலைக்குள்ளேயே சிறுத்தை புகுந்துவிட்டது. 2025 அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஷிரூர் தாலுகா பிம்பர்கேட் சுற்றுவட்டாரத்தில் சில வாரங்களுக்குள் குழந்தைகள் உட்பட மூன்று பேர் பலியானார்கள். ஊர் மக்கள் கொதித்தெழுந்தனர்.

ஒரு பக்கம் டெப்போ வேலி, மறுபக்கம் கோராடேஷ்வர் குன்று என்று வாழும் தேஹு ரோடு தமிழர்களுக்கும் இது வெறும் பத்திரிகைச் செய்தி அல்ல. நமது வால்பாறை எஸ்டேட் லைன்களில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரின் துயரமும் இதுவேதான்.

கொல்வதா, விடுவதா, பிடித்துக் கொண்டு போவதா? இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டிய ஒருவர் இருந்தார். அவரும் ஒரு ரயில்வே ஊழியர்தான் என்பது பலருக்குத் தெரியாது. அவர்தான் ஜிம் கார்பெட்.

தபால் அதிகாரியின் மகன்

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் 1875 ஜூலை 25-ந் தேதி நைனிடாலில் பிறந்தார். தகப்பனார் அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். குடும்பம் பெரியது. ஜிம்முக்கு ஆறு வயது நிறையும் முன்பே தகப்பனார் காலமாகிவிட்டார். குடும்பப் பாரம் தாயார் தலையில் விழுந்தது.

கோடையில் நைனிடால், குளிர் காலத்தில் மலையடிவாரத்துக் காலாதூங்கி என்று குடும்பம் மாறி மாறி வசித்தது. காலாதூங்கியில் வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் காடு. சிறுவன் ஜிம் அந்தக் காட்டையே பள்ளிக்கூடமாகக் கொண்டான். மயில் எதைக் கண்டால் அலறும், கேளையாடு எப்போது குரைக்கும், குரங்கு எந்தப் பக்கம் பார்த்துக் கத்தும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். காட்டில் எழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு காரணம் உண்டு என்ற பாடம் பிற்காலத்தில் அவரது உயிரைப் பலமுறை காத்தது.

கங்கைக் கரையில் 20 ஆண்டுகள்

மேற்படிப்புக்கு வசதி இல்லை. பதினெட்டு வயது வாக்கில் பெங்கால் அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயில் சேர்ந்தார். எஞ்சின்களுக்கு விறகு வெட்டும் வேலையைக் காட்டில் தங்கி மேற்பார்க்கும் உத்தியோகம். பிறகு பீகாரில் கங்கைக் கரையில் உள்ள மொகாமே காட்டுக்கு வந்தார்.

அப்போது அங்கே கங்கைக்குப் பாலம் கிடையாது. அது 1959-ல்தான் வந்தது. தென்கரையில் பிராட்கேஜ், வடகரையில் மீட்டர்கேஜ். வருகிற சரக்கையெல்லாம் கூலியாட்கள் தலைச்சுமையாக இறக்கி, ஆற்றைக் கடத்தி, மறுபடி ஏற்ற வேண்டும். இந்தக் காண்டிராக்டைக் கார்பெட் எடுத்தார். ஆரம்ப மாதங்களில் ரயில்வேயிலிருந்து பணம் வந்து சேரவில்லை. கூலியாட்கள் அரை வயிற்றோடு வேலை செய்தார்கள். காண்டிராக்டரும் அவர்களோடு சேர்ந்து கரி சுமந்தார். லாபம் வந்தபோது அதில் பெரும்பகுதியை அவர்களுக்கே பங்கிட்டுக் கொடுத்தார்.

ஸ்டேஷன் மாஸ்டர் ராம் சரணுடன் சேர்ந்து தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும் தொடங்கினார். ஒரே குடிசைக்குள் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்காரக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. உடனே சுவர்களை எடுத்துவிட்டார்கள். கூரை மட்டும் நின்றது. சுவர் இல்லாவிட்டால் அது குடிசை இல்லையே! பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து படித்தார்கள்.

சுமார் 20 ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. முதல் உலகப் போரில் குமாவோன் மலைவாசிகளைக் கொண்ட தொழிலாளர் படையைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்று திரும்பினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தமக்கை மேகியுடனே கடைசி வரை வாழ்ந்தார்.

புலியின் வாயில் கண்ட உண்மை

ரயில்வேயில் இருந்தபோதே, லீவு எடுத்துக்கொண்டு போய்த்தான் ஆட்கொல்லிகளை வேட்டையாடினார். 1907-ல் சம்பாவத்தில் ஒரு பெண் புலி. நேபாளத்திலும் குமாவோனிலுமாக அது கொன்றவர்கள் 436 பேர் என்பது கணக்கு. பகலிலேயே பெண்களைத் தூக்கிச் சென்றதால் வயல் வேலை நின்றது. வீட்டுக் கதவுகள் திறக்கப்படவில்லை.

கிராமத்தார் சுமார் 300 பேர் தட்டுமுட்டுச் சாமான்களைத் தட்டிக் கூச்சலிட்டு அதைக் கலைத்துவிட, கார்பெட் சுட்டு வீழ்த்தினார். பிறகு அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. எவரோ என்றோ சுட்ட துப்பாக்கிக் குண்டு செய்த வேலை அது. மானைப் பிடிக்க முடியாமல்தான் புலி மனிதனைப் பிடித்திருக்கிறது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்கொல்லியின் உடலிலும் காரணத்தைத் தேடுவது அவர் வழக்கமாயிற்று. பழைய குண்டுக் காயம், முள்ளம்பன்றி முள் குத்திய புண், முதுமை என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருந்தது. புலிக்கு மனிதன் இயற்கையான இரை அல்ல என்று அவர் முடிவுக்கு வந்தார்.

ருத்ரபிரயாகைச் சிறுத்தை

சிறுத்தையின் கதை வேறு. அது மனிதனுக்கு அருகிலேயே வாழப் பழகிய பிராணி. நாயும் ஆடும் கிடைக்கும் இடத்துக்கு ஓசைப்படாமல் வந்து போகும்.

1918-ல் விஷக் காய்ச்சல் நாடெங்கும் பரவியது. கார்வால் மலைக் கிராமங்களில் பிணங்களை எரிக்க ஆளில்லை. வாயில் ஒரு கனலை வைத்துச் சடங்கை முடித்து, பள்ளத்தில் உருட்டிவிட்டார்கள். அப்படி மனித மாமிசத்தை ருசி கண்ட சிறுத்தை, நோய் நின்றதும் உயிருள்ள மனிதர்களைத் தேடி வந்தது என்பது கார்பெட்டின் கருத்து.

1918 முதல் 1926 வரை அந்த ஒரே சிறுத்தை 125 பேரைக் கொன்றதாக அரசாங்கக் கணக்கு. கேதாரநாத், பத்ரிநாத் யாத்திரிகர்கள் செல்லும் பாதை அது. இருட்டியதும் எட்டு ஆண்டுகள் எவரும் வெளியே தலைகாட்டவில்லை. ஆடு மேய்க்கும் ஓர் அநாதைச் சிறுவன் நாற்பது ஆடுகளோடு ஒரே அறையில் தூங்கினான். சிறுத்தை கதவைத் திறந்து உள்ளே வந்தது. ஆடுகளைத் தொடவில்லை. பையனைத் தூக்கிச் சென்றது.

சர்க்கார் பத்தாயிரம் ரூபாயும் இரண்டு கிராமங்களும் பரிசு அறிவித்தது. எத்தனையோ சிறுத்தைகள் சுடப்பட்டன. குற்றவாளி மட்டும் அகப்படவில்லை. கார்பெட் கோலாப்ராய் என்ற இடத்தில், யாத்திரிகர் பாதை ஓரத்து மாமரத்தில் இரவு இரவாகக் காத்திருந்தார். கீழே மணி கட்டிய ஓர் ஆடு. 1926 மே 2-ந் தேதி அந்தக் கிழட்டுச் சிறுத்தை வீழ்ந்தது.

துப்பாக்கியிலிருந்து காமிராவுக்கு

கார்பெட்டின் கை சுத்தமான கை என்று சொல்லிவிட முடியாது. வைசிராய் லின்லித்கோ போன்ற பிரபுக்களுக்கு வேட்டை ஏற்பாடு செய்து கொடுத்தவர் அவர். எந்த மனிதனையும் தொடாத பவல்கர் பெரும்புலியையும் 1930-ல் சுட்டிருக்கிறார். ஆனால் மனம் மாறியது. துப்பாக்கியை வைத்துவிட்டுச் சினிமாக் காமிராவால் புலியைப் படம் பிடித்தார். காடு அழிந்தால் புலி ஊருக்குள் வரும் என்று எச்சரித்தார். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா ஹெய்லி பெயரில் அமைய உதவினார். அதுவே 1957-ல் கார்பெட் பெயரைப் பெற்றது. புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973 ஏப்ரல் 1-ந் தேதி அங்குதான் தொடங்கியது.

காலாதூங்கி அருகே சோட்டி ஹல்த்வானி என்ற கிராமம் அவர் சொத்து. பயிரை அழிக்கும் காட்டுப் பன்றி முதலிய மிருகங்கள் நுழையாதபடி ஊரைச் சுற்றிக் கல் மதில் எழுப்பிக் கொடுத்தார். மிருகத்தை அடியோடு ஒழிப்பது அல்ல, அதற்கும் மனிதனுக்கும் நடுவே ஓர் எல்லை போடுவதே அந்த மதிலின் பொருள். குத்தகைக்காரர்களுக்கே நிலத்தை விட்டுவிட்டு 1947-ல் தமக்கையுடன் கென்யா போய்ச் சேர்ந்தார். 1944-ல் வெளியான குமாவோன் ஆட்கொல்லிகளைப் பற்றிய நூல் அவருக்கு உலகப் புகழ் தந்திருந்தது. 1955 ஏப்ரல் 19-ந் தேதி நியெரி நகரில் மாரடைப்பால் காலமானார்.

இன்றைக்கும் பாடம்

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜுன்னர் பகுதியில் அகப்பட்ட சிறுத்தைகளையெல்லாம் கூண்டில் பிடித்துத் தூரத்துக் காடுகளில் விட்டார்கள். தாக்குதல் குறையவில்லை, கூடியது. வழி தெரியாத புது இடத்தில் விடப்பட்ட மிருகம் மேலும் ஆபத்தானது என்பதை வித்யா ஆத்ரேயா என்ற ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினார். ஊருக்கு அருகே வாழும் சிறுத்தைக்குத் தெரு நாயே முக்கிய இரை என்பதும் அவரது ஆராய்ச்சியில் தெரிந்தது.

ஆகவே குப்பையும் இறைச்சிக் கழிவும் குவிந்த இடத்தில் நாய் சேரும். நாய் சேர்ந்த இடத்துக்குச் சிறுத்தை வரும். தெரு விளக்கு எரிவதும், கழிப்பறை வீட்டுக்குள் இருப்பதும், அந்தி சாய்ந்தபின் பிள்ளைகளைத் தனியே விடாததும், ஆட்டுக் கொட்டிலை நன்றாக அடைப்பதும் துப்பாக்கியைவிடப் பலமான காவல். கண்டால் கூட்டம் கூடி விரட்டாமல் வன இலாகாவுக்குச் சொல்ல வேண்டும்.

மனிதனைக் கொன்று பழகிய மிருகத்தைத் தயங்காமல் சுட்டவர்தான் கார்பெட். ஆனால் கொன்றது எது என்று தெரியாமல் கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டால் குற்றவாளி தப்பித்துக்கொள்ளும் என்பதற்கு ருத்ரபிரயாகையின் எட்டு ஆண்டுகளே சாட்சி.