மாணவர் மேடையும் பேச்சுத்தமிழும்: பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் வாழ்வும் நகைச்சுவை நாடகங்களும்

முன்னுரை

தமிழ் நாடக வரலாற்றில் 1891ஆம் ஆண்டு இரு வேறு தொடக்கங்களைக் கண்டது. பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' அவ்வாண்டில் அச்சேறியது. பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்ததும் அதே ஆண்டில்தான். முன்னது கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் படிப்பதற்கென்று செய்யுளில் இயற்றிய நாடகம். பின்னது கற்றோர் நடிப்பதற்கென்று அமைத்துக்கொண்ட மேடை. பேராசிரியரின் ஏடும் பயில்முறை நடிகரின் மேடையும் அதன்பின் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்தன. பரிதிமாற்கலைஞர் 1897இல் 'நாடகவியல்' இயற்றினார். விபுலாநந்தர் 1926இல் 'மதங்க சூளாமணி'யை அளித்தார். இவை நாடகத்தைப் புலமைப் பொருளாக்கிய நூல்கள். ஆயினும் பல்கலைக்கழகத் தமிழாசிரியர் ஒருவரே நகைச்சுவை நாடகம் எழுத, அதனை அவர்தம் மாணவரே மேடையேற்றும் வழக்கம் ஈழத்தில், பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை (1903–1968) காலத்தில்தான் நிலைபெற்றது. கல்வெட்டு மொழியை ஆராய்ந்த அறிஞராகவே பலரும் அறிந்த அவர், நாடகத்துக்குப் பேச்சுமொழியைத் தேர்ந்தது பொழுதுபோக்கான செயலன்று, அவரது மொழியாய்வின் இயல்பான நீட்சி என்பதை அவர்தம் வாழ்வின்வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

புலோலி முதல் இலண்டன் வரை

கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்து வடமராட்சியில், பருத்தித்துறையை அடுத்த புலோலியில் 1903இல் பிறந்தார். தமிழும் வடமொழியும் மரபுவழியில் பயின்ற சூழல் அவருடையது. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்று வித்துவான் பட்டம் பெற்றார். அங்கிருந்து இலண்டன் சென்று, கி.பி. ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளின் தமிழ்க் கல்வெட்டு மொழியை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். நாடு திரும்பியபின் 1936 முதல் கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார்.

இவ்வாய்வுப் பொருளின் தன்மை அவருடைய நாடகப் பணியை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது. பல்லவர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளின் மொழி அக்கால இலக்கிய மொழியோடு முற்றும் ஒத்ததன்று. இலக்கண நூலைக் கொண்டு மட்டும் நோக்குவார்க்குப் பிழையாகத் தோன்றும் எழுத்தமைப்பும் சொல்லமைப்பும் அதில் உள்ளன. மொழியியலாளர் அவற்றைப் பிழையென்று ஒதுக்குவதில்லை. அவ்வக்கால மக்கள் வாய்மொழியின் சுவடுகளாகவே அவற்றைக் கொள்வர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வாய்மொழியைக் கல்லில் தேடிக் கற்ற ஒருவர், தம்மைச் சூழ ஒலித்த வாய்மொழியை இழிவழக்கு என்று தள்ளியிருப்பின் அதுவே முரணாகியிருக்கும். அம்முரணுக்கு அவர் இடந்தரவில்லை.

கொழும்பில் மாணவர் மேடை

1921இல் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரி 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே ஆங்கிலமே கல்வி மொழி. நாடகமேடையிலும் அம்மொழியே முதன்மை பெற்றிருந்தது. ஆங்கிலப் பேராசிரியர் இ. எப். சி. லுடோவைக்கின் வழிகாட்டலில் இயங்கிய மாணவர் நாடகச் சங்கம் மேலைநாட்டு நாடகங்களைச் சிறப்புற மேடையேற்றிவந்தது. தமிழுக்கு அத்தகைய மேடை அமையவேண்டுமாயின் மாணவர் நடிப்பதற்கேற்ற நாடகங்கள் முதலில் வேண்டும்.

ஈழத்தில் தமிழ் நாடகம் இல்லாமலில்லை. சிற்றூர்களில் கூத்து உயிர்ப்போடிருந்தது. நகரங்களில் பார்சி மரபுவழிப்பட்ட இசை நாடகங்கள் கூட்டம் சேர்த்தன. பம்மல் சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்ட கலையரசு க. சொர்ணலிங்கம் சபா நாடக மரபை அங்கே வளர்த்தார். ஆயின் இவற்றுள் எதுவும் கொழும்பு மாணவன் தன் வீட்டிற் கேட்ட பேச்சை அவ்வாறே மேடையில் ஒலிக்கச் செய்யவில்லை. இவ்விடைவெளியில்தான் கணபதிப்பிள்ளை எழுதத் தொடங்கினார். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க மாணவர் நடிப்பதற்கென அவர் இயற்றிய நான்கு நாடகங்கள் 1940இல் 'நானாடகம்' என்னும் பெயரில் நூலாயின. 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்', 'கண்ணன் கூத்து', 'நாட்டவன் நகர வாழ்க்கை' என்பன அவை. 'பொருளோ பொருள்', 'தவறான எண்ணம்' என்னும் இரண்டும் 1952இல் 'இருநாடகம்' எனத் தொகுக்கப்பெற்றன.

மிடுக்கின் மொழி

ஆங்கிலேயர் ஆட்சியில் யாழ்ப்பாணத்து ஊராட்சி மணியகாரர், உடையார், விதானையார் என்னும் படிநிலை வாயிலாக நடந்தது. நிலமும் குலமும் அரசுப் பதவியும் ஒருங்கே வாய்த்தவர் உடையார். 1931இல் டொனமூர் அரசியல் யாப்பு இலங்கையர் அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கியது. பிறப்பாலும் பதவியாலும் வந்த தலைமைக்கு எதிரே எண்ணிக்கையால் வரும் தலைமை தோன்றிற்று. அதே காலத்தில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சாதியொழிப்பையும் தன்னாட்சியையும் பேசிற்று. இத்தகைய காலத்தில் உடையாரின் மிடுக்கை நகைக்குரிய பொருளாக்குவது வெறும் கேலியாக நின்றுவிடாது. ஊரில் உடையாருக்கு எழுந்து நின்ற குடும்பங்களின் பிள்ளைகளும், உடையார் குடும்பங்களோடு உறவுடைய பிள்ளைகளும் ஒரே மேடையில் நின்று அம்மிடுக்கை நடித்துக்காட்ட வாய்ப்பமைந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இந்நகைக்கு மொழியே கருவியாகிறது. யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழில் முன்னிலைக்கு நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உண்டு. வினையிலும் அப்படிகள் வா, வாரும், வாருங்கோ எனத் தெளிவாக ஒலிக்கும். ஒருவர் மற்றொருவரை விளிக்கும் முதற்சொல்லிலேயே இருவரின் தகுதியும் உறவும் வெளிப்பட்டுவிடும். படி பிறழ்ந்தால் சினமோ நகைப்போ பிறக்கும். எழுத்துத் தமிழில் அமைந்த உரையாடல் இந்நுட்பத்தை இழந்துவிடும். இலக்கணம் கூறும் உகரச் சுட்டு, தமிழகப் பேச்சில் வழக்கிழந்த பின்னும், உவன், உது, உங்கே என யாழ்ப்பாணத்தில் வாழ்கிறது. ஏட்டில் மட்டும் உள்ளதென்று கற்பிக்கப்பட்ட ஒரு வடிவம் ஊர்ப்பேச்சில் உயிரோடிருப்பதைக் காணும் மாணவன், தன் பேச்சு செந்தமிழின் சிதைவு என்னும் கருத்தை மீளாய்வு செய்யவேண்டியவனாகிறான். வகுப்பறை விரிவுரை சொல்லவேண்டியதை மேடை இவ்வாறு உணர்த்த வல்லது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு இளமை, பேதைமை, மடன், எள்ளல் ஆகிய நான்கனையும் நிலைக்களனாக வகுக்கிறது. பம்மலின் 'சபாபதி'யில் நகை பெரிதும் பேதைமையில் பிறக்கிறது. எசமானின் பெயரையே தானும் கொண்ட வேலைக்காரன் அதன் மையம். 'உடையார் மிடுக்கு' என்னும் தலைப்போ நகையின் இடத்தை மேலிருப்போனுக்கு மாற்றுகிறது. இங்கு முன்னிற்பது எள்ளல். நகைச்சுவையில் வழக்கமாகப் பணியாளுக்கு ஒதுக்கப்படும் இடத்தில் அதிகாரம் வந்து நிற்கிறது.

செவ்வியல் நகைச்சுவையும் மொழிப்படிநிலையும்

1952இல் கணபதிப்பிள்ளை 'மாணிக்கமாலை'யை வெளியிட்டார். கி.பி. ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷர் இயற்றிய 'ரத்னாவளி'யின் தமிழாக்கம் அது. நான்கு அங்கங்களாலான இந்நாடகம் வடமொழியாளர் நாடிகை என வகுத்த, அரண்மனைக் காதலையும் நகையையும் பொருளாகக் கொண்ட வகையைச் சார்ந்தது. இதன் தலைவி சிங்கள நாட்டு, அதாவது இலங்கையின் இளவரசி. கப்பல் உடைந்து கரைசேர்ந்து, சாகரிகை என்னும் பெயரில் உதயணனின் அரசி வாசவதத்தைக்குப் பணிப்பெண்ணாகிறாள். தோழியரின் மறைமொழியைப் பறவை திருப்பிச் சொல்லிவிடுவதும், அரசியின் கோலத்தில் காதலி வருவாளென்று காத்திருக்கும் அரசன்முன் அரசியே வந்து நிற்பதும் இதன் நகைக் களங்கள். முடிவில் மாலையே அவளை இன்னாளென அடையாளம் காட்டுகிறது.

உதயணன் கதை தமிழுக்குப் புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்த கொங்குவேளிரின் 'பெருங்கதை' அதனையே பாடுகிறது. அதில் வரும் மானனீகையும் அரசமகளாயிருந்து வாசவதத்தைக்குப் பணிப்பெண்ணாகி, அரசனின் மறைவான காதலுக்குரியவளாகி, பின்னர் அடையாளம் காணப்பெற்று மணம் பெறுகிறாள். ஆகவே 'மாணிக்கமாலை' வடமொழிக்கும் தமிழுக்கும் பொதுவான கதைமரபு ஒன்றைத் தமிழ் உரைநாடக வடிவில் மீட்டெடுத்த முயற்சி எனலாம். இலங்கை இளவரசி ஒருத்தியின் கதை இலங்கைத் தமிழறிஞரின் கையில் தமிழானது அதன் பொருத்தத்தை மிகுவிக்கிறது.

இங்கு ஓர் ஒப்பீடு பயன்தரும். வடமொழி நாடகங்களில் அரசனும் அமைச்சனும் சமற்கிருதம் பேச, அரசியும் பணிப்பெண்டிரும் விதூடகனும் பிராகிருதம் பேசுவர். பேசுவோன் தகுதிக்கேற்ப மொழி வேறுபடுவது செவ்வியல் நகைச்சுவையின் அமைப்பிலேயே உள்ளது. அவ்விலக்கியத்தை அறிந்த கணபதிப்பிள்ளை, யாழ்ப்பாண வாழ்வைப் பேசும் நாடகங்களுக்குப் பேச்சுமொழியையும், பழங்கதைக்கும் வரலாற்றுக்கும் செந்நெறி வழக்கையும் கையாண்டார். ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்னும் பாகுபாடு இதிலில்லை. பொருளுக்கேற்ற மொழி என்னும் ஒரே நெறியின் இரு வெளிப்பாடுகள் இவை. பேச்சுமொழி நாடகங்களை எழுதிய கைதான் 'காதலியாற்றுப்படை'யை மரபுச் செய்யுளில் இயற்றியது என்பதும் இதனை உறுதிசெய்யும்.

பேராதனையும் மாணவர் பரம்பரையும்

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான விபுலாநந்தர் 1947இல் மறைந்தபின் கணபதிப்பிள்ளை அப்பதவிக்கு வந்தார். 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயர்ந்தது. மேடையும் உடன் பெயர்ந்தது. அவருடைய மாணவரும் பின்னர்த் துறை ஆசிரியருமான சு. வித்தியானந்தன் நாடகத் தயாரிப்பில் முன்னின்றார். பின்னாளில் தமிழ்த் திறனாய்வில் பெரும்பெயர் பெற்ற கா. சிவத்தம்பி மாணவராக அம்மேடையில் நடித்தார்.

1956 இலங்கைத் தமிழர் வரலாற்றில் திருப்புமுனை. தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய அவ்வாண்டில்தான் யாழ்ப்பாண அரசின் இறுதி மன்னனைப் பற்றிய 'சங்கிலி' நாடகம் நூலாக வந்தது. உடையாரின் மிடுக்கை எள்ளிய ஆசிரியர் அரசிழந்த மன்னனிடம் திரும்பியதைக் காலத்தின் அழுத்தமாகக் கொள்ளலாம். தன் சமூகத்தைத் தானே நகைத்துத் திருத்திக்கொள்ளலாம் என்னும் நம்பிக்கைக்கு அச்சமூகத்தின் இருப்பு உறுதியாயிருத்தல் வேண்டும். அவ்வுறுதி தளரும்போது நகை பின்னிடுகிறது. அதே ஆண்டில் பேராதனையின் எதிரிவீர சரச்சந்திரர் நாடகம மரபினின்று 'மனமே'யை உருவாக்கிச் சிங்கள நாடகத்துக்குப் புதுவழி கண்டார். வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்பு வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' ஆகியன அவ்வழியில் வந்தவை.

இதனால் கணபதிப்பிள்ளையின் நாடகங்களுக்கு ஓர் எல்லை உண்டென்பதும் புலனாகிறது. அவை பேச்சை ஊரிலிருந்து கொண்டுவந்தன. மேடை வடிவத்தையோ மேலைநாட்டு இயற்பண்பு நாடகத்திலிருந்து பெற்றன. ஊரின் ஆட்டமும் பாட்டும் அவற்றுள் இடம்பெறவில்லை. அவற்றின் பார்வையாளரும் பெரும்பாலும் கற்றோரே. எனினும் ஊர்ப்பேச்சு பல்கலைக்கழக மேடைக்கு உரியது என்பது முன்னரே ஏற்கப்பட்டிராவிடின், ஊர்க்கூத்தும் உரியதே என்னும் அடுத்த படி இத்துணை எளிதாக எடுத்துவைக்கப்பட்டிராது.

முடிவுரை

1965இல் ஓய்வுபெற்ற கணபதிப்பிள்ளை 1968இல் மறைந்தார். கல்வெட்டு மொழியாய்வு, புதினம், கவிதை, 'ஈழத்து வாழ்வும் வளமும்' போன்ற பண்பாட்டுக் கட்டுரைகள் எனப் பரந்த அவர்தம் பணிகளுள் நாடகங்கள் பெரும்பாலும் தனியொரு பகுதியாகவே எண்ணப்படுகின்றன. அவற்றை அவரது மொழியாய்விலிருந்து பிரித்து நோக்குதல் பொருந்தாது. கல்லில் எழுதப்பட்ட வழக்கும் முற்றத்தில் பேசப்பட்ட வழக்கும் அவருக்கு ஒரே மொழியின் சான்றுகள். முன்னதை ஆய்வேட்டில் பதிந்தார். பின்னதை மாணவர் நாவில் வைத்தார். இன்று 'நானாடகம்' படிப்போர்க்கு அது நகைச்சுவை நூலாக மட்டும் அமையாது. 1930களின் யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழை, யார் யாரை எவ்வாறு விளித்தனர் என்னும் சமூக நுட்பத்தோடு காத்துவைத்திருக்கும் மொழிச்சான்றாகவும் அமையும். போரும் புலப்பெயர்வும் அப்பேச்சின் நிலத்தையும் வாழ்வையும் சிதறடித்துவிட்ட நிலையில், இந்நாடகங்களின் மொழியைத் தனியே ஆராய்ந்து விளக்கப் பதிப்பாக வெளியிடுதல் தமிழாய்வுலகின் உடனடிக் கடமையாகும்.