பக்கித்தா சொன்ன மறுப்பு

ஒரு பிள்ளையைத் தாய்வீட்டிலிருந்து பிரித்தெடுக்கப் பெரும்படை தேவையில்லை. சூடான் நாட்டின் தார்பூர்ப் பகுதியிலே, 1877ஆம் ஆண்டளவில், ஊர்ப்புறத்து வெளியில் உலாவச் சென்ற இரு சிறுமியரை அந்நியர் இருவர் கண்டனர். மூத்தவளை ஏதோ சாட்டுச் சொல்லி அப்பால் அனுப்பினர். பின்னர் இளையவளிடம், காட்டோரத்தில் விட்டு வந்த ஒரு பொதியை எடுத்துத் தரும்படி கேட்டனர். பெரியவர் சொல்லுக்குப் பணியும் பிள்ளை, போனாள். மரங்களுக்குள் சென்றதும் கத்தியைக் காட்டினர்.

பெயரைக் கேட்டபோது பயத்தால் அது அவளுக்கு நினைவில் வரவில்லை. அதிர்ஷ்டசாலி என்று பொருள்படும் பக்கித்தா என்ற அரபுப் பெயரைக் கடத்தியவர்களே இட்டனர். பெற்றோர் இட்ட பெயர் இன்றுவரை எவருக்கும் தெரியாது.

ஒருமுறை இன்னொரு சிறுமியுடன் தப்பி ஓடினாள். வழியிலே ஒருவன் பரிவோடு பேசி வீட்டிற்கு அழைத்துச் சென்றான். ஆட்டுப்பட்டியில் சங்கிலியால் பிணைத்து, பின்னர் வியாபாரியொருவனுக்கு விற்றுவிட்டான். கையிலே கத்தி இல்லாத இவனே என் மனதை அதிகம் உறுத்துகிறான்.

கைமாறிக் கைமாறித் துருக்கிய அதிகாரி ஒருவரின் வீட்டை அடைந்தாள். அங்கே அவளது உடலில் நூற்றுக்கு மேற்பட்ட கீறல்கள் இட்டு உப்புத் தேய்த்தனர். 1883இல் கார்ட்டூமில் இத்தாலியத் துணைத்தூதர் கலிஸ்தோ லெஞ்ஞானி அவளை வாங்கினார். 1885இல் இத்தாலி சென்று, மிக்கியேலி குடும்பத்தின் குழந்தைக்குத் தாதியானாள்.

அந்த வீட்டிலே அடியில்லை, பட்டினியில்லை. 1888இல் எசமானி சூடானுக்குப் போகும்போது, பக்கித்தாவையும் குழந்தையையும் வெனிஸ் நகரில் கனோசியன் கன்னியரிடம் விட்டுச் சென்றார். திரும்பிவந்து அழைத்தபோது பக்கித்தா வர மறுத்தார். எசமானி அழுதார், கோபித்தார், நன்றி கெட்டவள் என்று கடிந்தார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாகாது என்று வளர்ந்த நமக்கு இச்சொல்லின் பாரம் தெரியும். வெளிநாட்டில் வீட்டுவேலைக்குச் சென்ற நம் பிள்ளைகளின் கடவுச்சீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு, செய்த உபகாரத்தைச் சொல்லிக்காட்டும் எசமானர் இன்றும் இல்லையா?

பக்கித்தாவுக்குச் சட்டம் தெரியாது. அந்தக் குழந்தையின்மீது அவருக்கு உயிர். ஆயினும் மடத்தைவிட்டு அசையவில்லை. கன்னியர் வெனிஸ் நகரத் திருச்சபைத் தலைவரான கர்தினாலுக்கு அறிவித்தனர். அவர் அரச வழக்குத்தொடுநருக்கு அறிவித்தார். இத்தாலியில் அடிமைத்தனம் செல்லாது, அவர் சுதந்திரப் பெண் என்று 1889 நவம்பர் 29இல் முடிவாயிற்று.

1890 ஜனவரி 9இல் ஞானஸ்நானம். 1896இல் துறவற வார்த்தைப்பாடு. பின்பு ஸ்கியோ நகர மடத்தில் சமையல், தையல், வாயிற்காவல். 2000ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் இறந்த தினமான பெப்ரவரி 8, 2015 முதல் ஆட்கடத்தலுக்கு எதிரான உலக செப நாளாக அனுசரிக்கப்படுகின்றது.

அவர் இறந்தது 1947இல். மரணப்படுக்கையில் நினைவு தடுமாறியவேளை, சங்கிலிகள் பாரமாயிருக்கின்றன, சற்றுத் தளர்த்திவிடுங்கள் என்று பக்கத்தில் நின்ற தாதியை மன்றாடினார்.