கம்பிகளை அகற்றிய விலங்கு வணிகர்

சென்ற ஆண்டு இறுதித் தவணை விடுமுறையின்போது யாழ்ப்பாணத்திலிருந்து இரவுப் பேருந்தேறிக் கொழும்பிலுள்ள மகளின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். ஒருநாட் காலையில் மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் இருவர் ஆகியோருடன் தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் புறப்பட்டோம். வாழையிலையிற் கட்டிய சோற்றுப் பொதிகளும் தண்ணீர்ப் போத்தல்களும் என் பொறுப்பிலிருந்தன. பெயரனுக்கு வயது எட்டு. கண்டதையெல்லாம் வினவும் பருவம். யானைகளின் முன்னே நெடுநேரம் நின்றவன், அம்மப்பா, இந்த இடத்தை முதன்முதல் உண்டாக்கியவர் யார் என்று கேட்டான். ஜோன் ஹாகன்பெக் என்னும் ஜேர்மானியர் என விடை கூறினேன். அவர் ஏன் இங்கு வந்தார் என்பது அடுத்த வினா. அதற்கு விடை கூறவேண்டுமாயின் அவருக்கு மூத்தவரும், தாயால் வேறுபட்டவருமான கார்ல் ஹாகன்பெக்கின் வரலாற்றைக் கூறவேண்டும். அன்று மர நிழலிலிருந்து சிறுவனுக்குச் சிறிது கூறினேன். கூறாது விட்டதையும் சேர்த்து ஈண்டு எழுதுகின்றேன்.

கார்ல் ஹாகன்பெக் 1844ஆம் ஆண்டு யூன் 10ஆந் திகதி, ஹம்பேர்க் துறைமுக நகரின் சென் பவுலிப் பகுதியிற் பிறந்தார். தந்தையார் மீன் வணிகர். 1848ஆம் ஆண்டில் அவருக்காக மீன் பிடித்த வலைஞரின் வலையிற் கடல்நாய்கள் ஆறு சிக்கின. பிறர் எவரேனும் அவற்றை எண்ணெய்க்காகக் கொன்றிருப்பர். தந்தையாரோ உடை தோய்க்கும் பெரிய மரத்தொட்டிகளில் அவற்றை நீரோடு இட்டு, பார்க்க வருவோரிடம் சிறு நாணயமொன்றைக் கட்டணமாகப் பெற்றார். ஊரார் திரண்டு வந்தனர். பின்னர் அவற்றைப் பேர்லின் நகருக்கும் கொண்டு சென்றார். உலகெங்கும் பெயர் பெற்ற ஒரு குடும்பத் தொழிலின் தொடக்கம் ஆறு கடல்நாய்களும் சில சலவைத் தொட்டிகளுமே.

கார்ல் பள்ளியிற் பயின்ற காலம் மிகக் குறுகியது. அவருடைய கல்வியெல்லாம் துறைமுகத்திலேயே நிகழ்ந்தது. கப்பலோட்டிகள் தொலைநாடுகளிலிருந்து கொணரும் கிளிகளையும் குரங்குகளையும் விலைபேசி வாங்குவதில் அவர் இளமையிலேயே தேர்ந்தார். மீனா, விலங்கா எனத் தந்தையார் தேரச் சொன்னபோது விலங்கையே தேர்ந்தார். 1866ஆம் ஆண்டில் வணிகம் முழுதும் அவர் கைக்கு வந்தது. அக்காலத்தில் ஐரோப்பிய நகரங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு விலங்குக் காட்சிச்சாலைகளை அமைத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு யானையும் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் வேண்டியிருந்தன. வேண்டுவோருக்கு வேண்டியதைத் தேடிக் கொடுப்பவனே வணிகன். அந்த இலக்கணத்திற்குக் கார்ல் சிறிதும் வழுவியவரல்லர்.

1870ஆம் ஆண்டில் அவர் சுவெஸ் நகருக்குச் சென்ற வரலாறு ஓரளவு விரித்துரைக்கத் தக்கது. லொறென்சோ கசனோவா என்னும் இத்தாலியர் சூடான் நாட்டில் விலங்குகளைப் பிடித்து அனுப்புபவர். நோயுற்று இறக்குந் தறுவாயிலிருந்த அவர், தம் விலங்குக் கூட்டத்தைப் பொறுப்பேற்குமாறு கார்லை அழைத்தார். யானைக் கன்றுகளும் ஒட்டகச்சிவிங்கிகளும் தீக்கோழிகளும் சிங்கக் குட்டிகளும் பாலைவெயிலிற் கட்டுண்டு நின்றன. குட்டிகளுக்குப் பாலூட்டுதற்கென்றே ஒரு பெரிய ஆட்டு மந்தையும் உடன் வந்தது. பால் வற்றிய ஆடுகள் சிங்கங்களுக்கு இரையாயின. இக்கூட்டத்தைப் புகைவண்டியில் அலெக்சாந்திரியாவுக்கும், அங்கிருந்து கப்பலில் திரியெஸ்தே துறைக்கும், மீண்டும் புகைவண்டியில் ஹம்பேர்க்குக்கும் அவர் கொண்டு சேர்த்தார். வழிநெடுக மக்கள் திரண்டு நின்று வியந்தனர். கசனோவா அலெக்சாந்திரியாவில் உயிர் நீத்தார்.

வியந்தோர் காணாத ஒன்றுண்டு. யானைக் கன்றை உயிரோடு பிடித்தற்கு வேட்டுவர் கண்ட எளிய வழி தாயைக் கொல்லுதலே. காண்டாமிருகத்திற்கும் அஃதே. பிடிபட்ட கன்றுகளுட் பல பாலைவழியில் இறந்தன. இதனைக் கார்லே பிற்காலத்தில் தம் நூலில் மறையாது எழுதினார். நம் முன்னோரும் குழியகழ்ந்து யானை பிடித்தனர் என்பதைச் சங்கச் செய்யுள் கற்றோர் அறிவர். ஆதலின் இக்குற்றத்தை மேனாட்டார் தலையில் மட்டும் சுமத்த யான் ஒருப்படேன். ஆயினும், அளவு என்று ஒன்று உண்டன்றோ?

அன்றியும், அவரிடம் வேறொரு பண்பும் இருந்தது. விலங்குகளை அவர் உண்மையாகவே நேசித்தார். அந்நாளிற் சிங்கத்தைப் பழக்குவோர் பழுக்கக் காய்ச்சிய இரும்பும் சாட்டையுமே கருவியாகக் கொண்டனர். அடித்துப் பழக்கிய விலங்கு அஞ்சும், கல்லாது என்று கார்ல் கண்டார். மாணாக்கருள் வேறுபாடு உண்டாதல் போல விலங்குகளுள்ளும் குணவேறுபாடு உண்டெனத் துணிந்து, ஒவ்வொன்றின் இயல்பையும் ஆராய்ந்தார். 21 சிங்கங்களை ஆராய்ந்து 4 சிங்கங்களையே பயிற்சிக்குத் தகுந்தனவாகத் தெரிந்தெடுத்தார். இறைச்சித் துண்டும் இன்சொல்லும் கொண்டு பழக்கிய அச்சிங்கங்கள் தேரிழுத்து நடந்தன. முப்பது ஆண்டுகளாகப் பிரம்போடும் பிரம்பின்றியும் கற்பித்துவந்த எனக்கு, அவர் வரலாற்றில் மிக விருப்பமான பகுதி இதுவே. 1893ஆம் ஆண்டு சிக்காகோ உலகப் பொருட்காட்சியில் அவருடைய பழகிய விலங்குகள் பெரும்புகழ் ஈட்டின.

அவருக்கு நிலைத்த பெயரைத் தந்தது வேறொரு புதுமை. விலங்குக்கும் மனிதனுக்கும் இடையே கம்பி எதற்கு என்பதே அவர் எழுப்பிய வினா. ஒரு புலி எவ்வளவு உயரம் பாயும், எவ்வளவு தூரம் தாவும் என்பது தெரிந்தால், அதற்கு மேற்பட்ட அகலமுடைய அகழி போதுமன்றோ? இதனை அறிதற்கு மரக்கிளையொன்றிற் பாடம்செய்த புறாவைத் தொங்கவிட்டு, அதனை நோக்கிச் சிங்கமும் புலியும் சிறுத்தையும் பாயும் உயரத்தை அளந்தார். 1896ஆம் ஆண்டில் தம் அமைப்பு முறைக்கு ஆக்கவுரிமையும் பெற்றார். ஹம்பேர்க்கை அடுத்த ஸ்டெல்லிங்கன் என்னுமிடத்தில் உருளைக்கிழங்கு விளைந்த நிலங்களை வாங்கினார். ஊர்ஸ் எகென்ஷ்வீலர் என்னும் சுவிற்சர்லாந்துச் சிற்பி அங்கே செயற்கைக் குன்றுகளை எழுப்பினார். 1907ஆம் ஆண்டு மே 7ஆந் திகதி அப்பூங்கா திறக்கப்பெற்றது. முன்னே நீர்ப்பறவைகள் நீந்தும் பொய்கை, அதற்கப்பால் மான்களும் வரிக்குதிரைகளும் மேயும் புல்வெளி, அதற்கும் அப்பால் சிங்கங்கள் உலாவும் பாறைச் சரிவு, உச்சியில் மலையாடுகள். இடையிலுள்ள அகழிகள் பார்ப்போர் கண்ணுக்குப் புலப்படா. மானும் சிங்கமும் ஒரே நிலத்தில் உலாவுவது போன்ற தோற்றம்!

பழைய காட்சிச்சாலைகளின் தலைவர்கள் இவரை எள்ளினர். இவர் வணிகரேயன்றி அறிவியலறிஞர் அல்லர், கூத்துக்காரர் என்றனர். மக்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. குடும்பம் குடும்பமாக வந்தனர். 1911ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற உரோமாபுரிக் காட்சிச்சாலை அவருடைய முறைப்படியே அமைந்தது. இன்று உலகின் எந்த நாட்டிற் கம்பியில்லாத சிங்கக் களத்தைக் கண்டாலும் அது ஹாகன்பெக்கின் வழிவந்ததென அறிக.

இனி, சிறுவனுக்கு யான் கூறாத பகுதி.

1870களின் நடுப்பகுதியில் விலங்கு வணிகத்தில் ஊதியம் குன்றியது. பனிமான்களை வரவழைத்தற்குக் கார்ல் எண்ணியிருந்தபோது, அவற்றை வளர்க்கும் இலாப்புலாந்து மக்களையும் உடன் அழைத்தால் நன்றாயிருக்கும் என்று நண்பரும் ஓவியருமான லொயிற்றமன் ஆலோசனை கூறினார். 1875ஆம் ஆண்டில் அவர்கள் வந்தனர். கூடாரம் அடித்து, பனிமானிற் பால் கறந்து, குழந்தைக்கு முலையூட்டி, தம் அன்றாட வாழ்க்கையை அவர்கள் நடத்த, கட்டணம் செலுத்திய கூட்டம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தது. அதன்பின் நூபியர் வந்தனர், கிறீன்லாந்தர் வந்தனர். 1880களின் முற்பகுதியில் இலங்கையிலிருந்தும் ஒரு பெருங்கூட்டம் சென்றது. அறுபதுக்கு மேற்பட்ட மக்களும் இருபதுக்கு மேற்பட்ட யானைகளும் ஐரோப்பிய நகரங்கள்தோறும் ஒருங்கே காட்டப்பெற்றனர். காட்டப்பெற்றனர் என்று உயர்திணை முடிபு கொடுப்பதா, காட்டப்பெற்றன என்று அஃறிணை முடிபு கொடுப்பதா என்று எழுதும்போது ஒரு கணம் கை தயங்கியது. காட்டியோர் அத்தகைய ஐயம் கொண்டிருக்க மாட்டார்.

இக்காட்சிகளுள் ஒன்றின் கதை, காட்டப்பட்டவன் கையாலேயே எழுதப்பட்டு நமக்குக் கிடைத்துள்ளது. அவன் பெயர் ஆபிரகாம். கனடாவின் வடகிழக்கிலுள்ள லபிறடோர்க் கரையில் ஹெப்ரோன் என்னும் ஊரைச் சேர்ந்த இனுவிற்று இனத்தவன், கிறித்தவன், எழுத்தறிந்தவன், பிடில் வாசிப்பவன். மிஷன் பண்டசாலைக்கு அவன் குடும்பம் கடன்பட்டிருந்தது. ஹாகன்பெக்கின் முகவரான யாக்கொப்சன் என்னும் நோர்வேயர் 1880ஆம் ஆண்டில் அங்கு சென்று பணம் தருவதாகக் கூறி அழைத்தார். பாதிரிமார் தடுத்தும், கடன் தீரும், ஐரோப்பாவையும் காணலாம் என்றெண்ணி ஆபிரகாம் உடன்பட்டான். மனைவி உல்றிக்கே, சிறுமி சாரா, கைக்குழந்தை மரியா, இளைஞன் தோபியாசு ஆகியோர் அவனோடு சென்றனர். வேறொரு குடும்பத்தார் மூவரும் சேர எண்மர்.

பேர்லின் விலங்குக் காட்சிச்சாலையில் அவர்களுக்கு இடம் அளிக்கப்பட்டது. கூட்டம் வேலியைத் தாண்டி உள்ளே புகுந்து, அவர்களின் குடிலுக்குள்ளேயே நெருக்கியதென ஆபிரகாம் தன் நாட்குறிப்பில் எழுதியுள்ளான். ஒருநாள் சாட்டையையும் எறியீட்டியையும் கையிலேந்திப் பயங்கரமாகத் தோன்றி, வந்தோரை வெருட்டி வெளியேற்றினானாம். தோபியாசு யாக்கொப்சனிடம் சாட்டையடி பட்டதும் அக்குறிப்பில் உண்டு. சிங்கத்துக்குக் கூடாதென்று கார்ல் விலக்கிய அந்தச் சாட்டை!

எண்மருக்கும் அம்மைப்பால் குத்தியிருக்கவேண்டும். ஜேர்மனியில் அதற்குச் சட்டமே இருந்தது. எவரும் அதனைச் செய்விக்கவில்லை. 1880ஆம் ஆண்டு மார்கழியில் டார்ம்ஸ்ராட் நகரில் மற்றைக் குடும்பத்தின் மகள் இறந்தாள். கிறேபெல்ட் நகரில் அவள் தாய் இறந்தாள். சிறுமி சாரா அந்நகர் மருத்துவமனையிற் கிடந்தபோதே பெற்றோர் பாரிசுக்குச் செல்லவேண்டியதாயிற்று. அவள் மார்கழி 31இல் இறந்தாள். புத்தாண்டு நாளிற் பாரிசில் எஞ்சியோருக்கு அம்மைப்பால் குத்தினர்; காலம் கடந்துவிட்டது. தை மாத நடுப்பகுதிக்குள் எஞ்சிய ஐவரும் மாண்டனர். இறுதியாக இறந்தவள் உல்றிக்கே. அவர்களுடைய எலும்புக்கூடுகள் பாரிசு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்த செய்தி 2014ஆம் ஆண்டளவிலேயே பரவலாக வெளிவந்தது.

கார்ல் கொடியவரல்லர் என்பதே என் துணிபு. வந்தோருக்கு ஒப்பந்தப்படி ஊதியம் அளித்தார், உணவளித்தார். ஆனால் 1881ஆம் ஆண்டு முடியுமுன்னரே தென்னமெரிக்காவின் தென்கோடித் தீவுகளிலிருந்து பதினொருவர் கொணரப்பட்டு அவருடைய காட்சியிலும் நிறுத்தப்பட்டனர். அவருட் பலர் மீளவில்லை. சூரிச்சில் வைக்கப்பட்டிருந்த அவருள் ஐவரின் எச்சங்கள் 2010ஆம் ஆண்டிலேயே சில்லி நாட்டுக்குத் திருப்பியளிக்கப்பட்டன. நற்குணமுடைய ஒருவர் இவ்வாறு செய்தது எங்ஙனம் என்று பன்முறை எண்ணியுள்ளேன். விலங்கை அருகிருந்து பயின்றவர் அவர். ஆபிரகாமின் பக்கத்திலமர்ந்து பிடிலைக் கேட்டிருப்பின், வேலியை எங்கே நாட்டியுள்ளோம் என்பது அவருக்குப் புலப்பட்டிருக்கக்கூடும்.

ஸ்டெல்லிங்கன் பூங்காவின் பழைய தலைவாயிலில் விளக்கேந்திய யானைத்தலைகளும் சிங்கமும் கரடியும் வெண்கலத்தில் அமைந்துள்ளன. அவற்றோடு நூபிய வீரனொருவனின் உருவமும் அமெரிக்கப் பழங்குடி வீரனொருவனின் உருவமும் நிற்கின்றன. 1908ஆம் ஆண்டில் கார்ல் வெளியிட்ட தன்வரலாற்றின் பெயரும் விலங்குகளையும் மனிதரையும் பற்றி எனப் பொருள்படுவதே. 1913ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆந் திகதி அவர் ஹம்பேர்க்கிற் காலமானார். மைந்தர் ஹைன்றிக்கும் லொறென்சும் தொழிலைத் தொடர்ந்தனர். அப்பூங்காவில் மனிதக் காட்சிகள் 1931ஆம் ஆண்டோடு நின்றன.

இளையவரான ஜோன், இளமையிலேயே இலங்கைக்கு வந்து கொழும்பிற் குடியமர்ந்து, தோட்டங்களும் விலங்கு வணிகமும் நடத்தியவர். 1914ஆம் ஆண்டுப் போரில் பகைநாட்டார் என்பதால் உடைமைகளை இழந்தார். மீண்டும் வந்து, 1920களின் பிற்பகுதியிலே தெகிவளையில் விலங்குக் காட்சியைத் தொடங்கினார். அந்த நிறுவனம் நொடிப்புற, 1936ஆம் ஆண்டில் அரசாங்கம் அதனை ஏற்றது. ஜோன் 1940ஆம் ஆண்டில், அடுத்த போர் நடக்குங்காலத்தில், இத்தீவிலேயே இறந்தார்.

மாலையில் வீடு திரும்பும் வழியிற் பெயரன் சலவைத் தொட்டிக் கடல்நாய்களின் கதையை மீண்டும் ஒருமுறை சொல்லுமாறு கேட்டான், சொன்னேன். ஆபிரகாமுக்கும் உன்னிலும் இளைய மகளொருத்தி இருந்தாள் என்று தொடங்க வாயெடுத்து, அவன் தங்கை மடியில் உறங்குவதைக் கண்டு நிறுத்திக்கொண்டேன். அதனை அவன் இன்னும் சில ஆண்டுகள் கழித்துக் கேட்கலாம்.