மானிப்பாயில் பிறந்த மருத்துவத் தமிழ்: டாக்டர் சாமுவேல் கிறீன்

மலாக்கா மாநிலத்தில் ஜாசின், அலோர்காஜா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த நம்மில் பலருக்கு ஓர் அனுபவம் பொதுவானது. பாட்டியையோ தாத்தாவையோ அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் நாளில், வீட்டில் படித்த பிள்ளை என்ற முறையில் மொழிபெயர்ப்பாளர் வேலை நம் தலையில் வந்து விழும். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது, இராத்திரியில் இழுப்பு வருகிறது என்று பாட்டி அடுக்கிக்கொண்டே போவார். நமக்கோ, பாட்டி சொல்லும் நெஞ்சு இதயமா, மார்பா, மனமா என்பதிலேயே தடுமாற்றம். ஹார்ட் தெரியும், ஜந்தோங் தெரியும், பாரு-பாருவும் தெரியும். ஆனால், நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று டாக்டர் விளக்குவதைப் பாட்டிக்குப் புரியும்படி தமிழில் திருப்பிச் சொல்ல நாக்கு எழுவதில்லை. பரீட்சையில் எழுதத் தெரிந்த அறிவு, பெற்ற பாட்டிக்குச் சொல்ல உதவாமல் போகிறது.

இதே இடைவெளியைக் கண்டு, அதை நிரப்புவதற்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவர் தமிழரல்லர். தமிழ் அவருக்குத் தாய்மொழியும் அன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்தான் அவர்.

கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். அவருடைய அண்ணன் ஆண்ட்ரு ஹாஸ்வெல் கிறீன், நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க் உருவாவதிலும் பிரிந்துகிடந்த பகுதிகள் ஒரே மாநகரமாக இணைவதிலும் முன்னின்றவர். அண்ணன் ஒரு மாநகரத்தை உருவாக்க உழைத்தார். தம்பியோ நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1845இல் பட்டம் பெற்றபின், அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847இல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவருக்கு முன்னரே டாக்டர் ஜான் ஸ்கடர், டாக்டர் நேத்தன் வார்டு ஆகியோர் அங்கு மருத்துவப் பணி செய்திருந்தனர். சமயம் பரப்பும் நோக்கத்தோடு வந்தவர்தாம் கிறீனும். ஆனால், தமிழ் உலகம் அவரை இன்றும் நினைப்பதற்குக் காரணம் வேறு.

1848இல் கிறீன் மானிப்பாயில் மாணவர்களைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் மருத்துவப் பள்ளி தோன்றியது 1870இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இம்முயற்சியின் அருமை விளங்கும். தொடக்கத்தில் பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடந்தன. மாணவர்கள் நன்றாகவே கற்றார்கள். ஆனால், கற்றவர்களில் பலர் கிராமத்தில் தங்கவில்லை. ஆங்கிலம் அறிந்த மருத்துவருக்கு அரசாங்கத்தில் வேலையும் நல்ல சம்பளமும் காத்திருந்தன. வாந்திபேதியால் மக்கள் கொத்துக் கொத்தாக மடியும் ஊரிலிருந்து மருத்துவம் கற்ற இளைஞர்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. குடும்பத்தைக் காப்பாற்ற யாரும் செய்வதையே அவர்களும் செய்தார்கள். இருப்பினும், யாருக்காக மருத்துவர்களை உருவாக்கினாரோ அந்த மக்களுக்கே மருத்துவர் இல்லை என்ற நிலை கிறீனை வருத்தியது.

இதற்கு அவர் கண்ட விடைதான் தமிழ். தமிழில் மருத்துவம் கற்றவர் தமிழ் மக்கள் நடுவிலேயே தொழில் செய்வார். நோயாளிக்கு நோயை விளக்கவும் அவருக்குச் சொல் இருக்கும் என்று அவர் எண்ணினார். இதனால், நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொழிப்பெருமை பேசுவதற்காகக் கிறீன் தமிழை எடுக்கவில்லை. நோயாளியின் பாயருகே மருத்துவர் உட்கார வேண்டும் என்பதற்காகவே எடுத்தார்.

ஆனால், தமிழில் கற்பிப்பதற்குப் பாடநூல் எங்கே? அதையும் அவரே உருவாக்க வேண்டியிருந்தது. முதலில் தாம் தமிழ் கற்றார். பிறகு, கட்டர் என்பவர் எழுதிய உடற்கூறு, உடலியக்கம், சுகாதாரம் பற்றிய நூலை 1852இல் அங்காதிபாதம் என்ற பெயரில் தமிழில் கொண்டுவந்தார். 1857இல் பிரசவ வைத்தியம் வெளிவந்தது. அதன்பின் தாயகம் சென்று, திருமணம் முடித்து, 1862இல் மனைவியுடன் மானிப்பாய்க்குத் திரும்பினார். 1864 முதல் வகுப்புகள் தமிழில் நடந்தன. 1867இல் அறுவை மருத்துவம் பற்றிய இரண வைத்தியம், 1872இல் கிரே எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழாக்கமான மனுஷ அங்காதிபாதம், அதே ஆண்டில் வைத்தியாகரம், 1875இல் வேதியியலுக்குக் கெமிஸ்தம், 1883இல் உடலியக்க நூலான மனுஷ சுகரணம் என்று நூல்கள் தொடர்ந்தன. இப்பணியில் அவருடைய மாணவர்களும் உடனிருந்து உழைத்தார்கள். இலண்டனிலும் நியூயார்க்கிலும் மருத்துவ மாணவர்கள் ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருந்த நூல்களை யாழ்ப்பாணத்து இளைஞர் தமிழில் படித்தார்கள் என்றால் அது மிகையாகாது.

இந்நூல்களை ஆக்கும்போது கலைச்சொல்லுக்கு அவர் ஓர் ஒழுங்கை வைத்திருந்தார். ஒரு கருத்துக்குத் தமிழில் ஏற்கனவே சொல் உண்டா என்று முதலில் தேட வேண்டும். இல்லையென்றால் வடமொழியில் தேட வேண்டும். அங்கும் கிடைக்காதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைய எழுதிக்கொள்ள வேண்டும். கெமிஸ்தம் என்ற பெயர் மூன்றாம் வழியில் பிறந்தது. நூல்களோடு அருஞ்சொல் தொகுதிகளையும் அவர் வெளியிட்டார். சொல்லைத் தேடுபவன் முதலில் மக்களிடம்தான் போக வேண்டும் என்பதே இவ்வொழுங்கின் சாரம் எனலாம்.

அவ்வாறு தேடினால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு இதயமும் நுரையீரலுமே நல்ல சான்றுகள். நுரையீரல் என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். நுரைபோல் காற்றுக் குமிழ்கள் நிறைந்த ஈரல் என்று அவ்வுறுப்பின் அமைப்பே அதில் அடங்கியிருக்கிறது. நாடி பிடித்துப் பார்ப்பது நம் தோட்டத்துப் பாட்டிமாருக்கும் தெரியும். இலங்கைப் பாடநூல்களில் இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் குழாய்க்கு அந்த நாடியே பெயராக நிற்கிறது. திருப்பிக் கொண்டுவரும் குழாய்க்கு நாளம் என்று பெயர். தமிழ்நாட்டு நூல்கள் இவற்றைத் தமனி, சிரை என்கின்றன. இதயத்தின் மேலறையை இலங்கையில் சோணையறை என்பர். காதின் கீழே தொங்கும் மடல்தான் சோணை. அவ்வறையைக் குறித்த பழைய இலத்தீன் பெயருக்கும் சிறு காது என்றே பொருள். இழுப்பு, இளைப்பு, மூச்சுத்திணறல், படபடப்பு ஆகிய நான்கும் நம் வீட்டுச் சொற்கள். ஆனால், நான்கும் ஒன்றல்ல. இழுப்பு என்றால் மூச்சு விசிலடிப்பதுபோல் ஒலிக்கும். படபடப்பு என்றால் இதயத் துடிப்பு நமக்கே உணரத் தெரியும். இந்த வேறுபாடு மருத்துவருக்குப் போய்ச் சேர்ந்தால், அவர் நுரையீரலை நோக்குவதா இதயத்தை நோக்குவதா என்று முடிவெடுக்க உதவும். போய்ச் சேராவிட்டால்?

கிறீன் 1873இல் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பினார். அங்கும் ஓயவில்லை. வூஸ்டரில் இருந்துகொண்டே தமிழ் நூல்களைத் திருத்தி அச்சுக்கு அனுப்பிவந்தார். 1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள், 61ஆம் வயதில் காலமானார். அவரிடம் கற்று மருத்துவரானவர்கள் 60 பேருக்கும் மேல். தமிழருக்குத் தொண்டாற்றிய மருத்துவர் என்ற குறிப்பு அவருடைய கல்லறையில் இடம்பெற்றது. மானிப்பாயில் அவர் நினைவைத் தாங்கிய மருத்துவமனை இன்றும் இருக்கிறது. ஈழத்துக் கவிஞர் அம்பி 1967இல் கிறீனின் அடிச்சுவடு என்ற நூலை எழுதி, மறக்கப்பட்டுக்கொண்டிருந்த அவரை மீண்டும் தமிழர் முன் நிறுத்தினார்.

கிறீனின் கனவு முழுமையாகப் பலித்துவிட்டது என்று நாம் எழுதினால் அது உண்மையாகாது. காலப்போக்கில் இலங்கையில் மருத்துவக் கல்வி ஆங்கிலத்திற்கே போய்விட்டது. தமிழில் கற்றவருக்கு அரசாங்க வேலையில் இடமில்லாதபோது தமிழில் கற்க யார் முன்வருவார்? அவர் ஆக்கிய சொற்களிலும் பல நிலைக்கவில்லை. அங்காதிபாதம் இன்று உடற்கூற்றியல் ஆகிவிட்டது; சுகரணம் உடலியங்கியல் ஆகிவிட்டது; கெமிஸ்தத்தை யாரும் சொல்வதில்லை. மக்கள் நாவில் ஏறாத சொல், எவ்வளவு உழைத்து ஆக்கினாலும் ஏட்டிலேயே நின்றுவிடுகிறது. இதுவும் அவர் வாழ்க்கை நமக்குத் தரும் பாடமே.

இனி நம் மண்ணுக்கு வருவோம். டான் சே யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டபோது கிறீன் இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன்பின் பெருகிய தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் பால்மரம் வெட்ட வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களில் பலர் எழுத்தராகவும் இரயில்வே ஊழியராகவும் ஆஸ்பத்திரி உதவியாளராகவும் பணிபுரிந்தார்கள். தோட்டத்து டிரசர் மருந்துப் புட்டியின் மேல் எழுதியது ஆங்கிலம். அதை வாங்கிக் குடித்தவர் பேசியது தமிழ். கிறீன் கண்ட அதே இடைவெளி கடல் கடந்து இங்கும் வந்தது.

அவ்விடைவெளி இன்னும் மூடவில்லை. 2003இல் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அக்கொள்கையைக் கைவிடுவதாக அரசாங்கம் 2009இல் அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகள் இதயத்தையும் நுரையீரலையும் தமிழில் கற்காமலே பள்ளியை விட்டுச் சென்றார்கள். அவர்களில் பலர் இன்று மருத்துவர்களாகவும் தாதியர்களாகவும் மருந்தாளர்களாகவும் இருக்கிறார்கள்.

நாம் மருத்துவக் கல்லூரியைத் தமிழில் நடத்தப் போவதில்லை. ஆங்கிலமும் மலாயும் நமக்குச் சோறு போடும் மொழிகள். அவற்றை நன்றாகவே கற்போம். கிறீனிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சிறிய காரியம்தான். மருத்துவம், தாதிமை, மருந்தியல் பயிலும் நண்பர்கள் தாம் கற்கும் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் பக்கத்தில், தம் பாட்டிக்குப் புரியும் ஒரு தமிழ்ச் சொல்லையும் எழுதி வைக்கலாம். விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது அந்தச் சொற்களைப் பாட்டியிடமே சொல்லிப் பார்க்கலாம். அவருக்குப் புரிந்தால் சொல் நிற்கும். புரியாவிட்டால் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

வூஸ்டரில் பிறந்தவர் தமிழ் கற்று யாழ்ப்பாணத்தார் நெஞ்சின் நோவைத் தமிழில் கேட்டார். தமிழராய்ப் பிறந்த நாம் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதைக் கேட்க முடியாதா என்ன? அடுத்த முறை ஆஸ்பத்திரி நாற்காலியில் பாட்டியின் பக்கத்தில் அமரும்போது, நமக்குச் சொல் தயாராக இருக்கட்டும்.