பல்டிக்கும் படிக்கட்டு உண்டு... சென்னைக்கு பி.டி. மாஸ்டர்களைத் தந்த ஹாரி க்ரோ பக் யார்?

சாயங்கால நேரத்தில் எண்ணூர், காசிமேடு பக்கம் கடற்கரைக்குப் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஒரு பையன் செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இன்னொருவன் ஓடி வந்து மணலில் பின்பக்கமாக ஒரு பல்டி அடிப்பான். சரியாக விழுந்தால் ரீல்ஸ். தப்பாக விழுந்தால் கழுத்து.

இந்த பேக் ஃப்ளிப்பைத்தான் பசங்க முதலில் கத்துக்க ஆசைப்படுறாங்க. ஆனால், ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியில் அது பல படிகள் தாண்டி வரும் பாடம். அந்தப் படிகளை ஒவ்வொன்றாக ஏற்றிவிட ஒரு ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஆட்களை உருவாக்கவே 100 வருஷத்துக்கு முன்னால் மெட்ராஸில் ஒரு பள்ளியைத் தொடங்கியவர் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர்.

முதல் படி எது?

குட்டிக்கரணம்தான். சிரிக்க வேண்டாம். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, கழுத்தில் பாரம் விழாமல் உருண்டு எழுவது சின்ன வேலை இல்லை. விழும்போது எப்படி விழணும் என்பதை உடம்பு இங்கேதான் கற்றுக்கொள்கிறது.

அடுத்து பின்பக்கக் குட்டிக்கரணம். அப்புறம் சுவரில் காலைச் சாய்த்துத் தலைகீழாக நிற்பது, பிறகு சுவர் இல்லாமலேயே கைகளில் நிற்பது. இந்த ஹேண்ட்ஸ்டாண்ட் உறுதியானால்தான் கார்ட்வீல், அதாவது சக்கரம் மாதிரி பக்கவாட்டில் சுழல்வது. கார்ட்வீலின் முடிவில் இரண்டு காலையும் சேர்த்து இறக்கினால் ரவுண்ட் ஆஃப். அந்த வேகத்தில் பின்னால் தாவி கை ஊன்றி எழுந்தால் பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங். இதெல்லாம் வந்த பிறகுதான் கையே தரையில் படாத பேக் ஃப்ளிப்.

ஏன் இவ்வளவு நிதானம்? வளரும் குழந்தையின் மணிக்கட்டு எலும்பின் நுனி இன்னும் முழுசாக இறுகியிருக்காது. தோளும் வயிற்றுத் தசையும் பலமாகும் முன்பே உடம்பின் மொத்த எடையையும் கைகளில் இறக்கினால் அடி அங்கேதான் விழும். அதனால் நல்ல பயிற்சியாளர், பிள்ளை ஒரு தடவை செய்துவிட்டதைப் பார்த்து அடுத்த படிக்கு அனுப்ப மாட்டார். திரும்பத் திரும்பச் சரியாக வந்தால்தான் அனுப்புவார். மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துத் தலைகீழாக நிற்கும் குழந்தைக்கு போரடிக்கும். வெளியே காத்திருக்கும் அப்பா, அம்மாவுக்கு அதைவிட போரடிக்கும்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் 0.150 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவது இடம் பிடித்த தீபா கர்மாகரை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அகர்தலாவில் சுமார் 6 வயதில், தட்டையான பாதங்களோடு தொடங்கியவர் அவர். ரியோவில் அவர் செய்த புரோடுனோவா வால்ட், உலகில் மிகச் சிலரே முயன்ற ஆபத்தான தாவல். அந்த இடத்துக்கு வர அவருக்குக் கிட்டத்தட்ட 17 வருஷம் ஆனது.

சரி, படிகளை வகுத்தது யார்?

இதற்கு ஜெர்மனிக்குப் போக வேண்டும். 1811-ல் பெர்லின் அருகே ஹாசன்ஹைடே என்ற இடத்தில் ஃபிரீட்ரிக் லுட்விக் யான் ஒரு திறந்தவெளிப் பயிற்சிக் களத்தைத் திறந்தார். பாரலல் பார், ஹாரிசான்டல் பார் போன்றவை அங்கிருந்துதான் பரவின. பிள்ளைகளை வயதும் திறமையும் பார்த்துக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் நின்று செய்துகாட்ட ஒரு மூத்த மாணவரை வைத்தார். 1816-ல் சீடர் எர்ன்ஸ்ட் ஐசலனோடு சேர்ந்து இந்தப் பயிற்சிகளைப் புத்தகமாகவும் எழுதினார்.

யானின் நோக்கம் விளையாட்டு மட்டும் இல்லை. நெப்போலியனை எதிர்க்க இளைஞர்களைத் தயார் செய்வதும் அதில் இருந்தது. பிறகு பிரஷ்ய அரசே பயந்துபோய் 1819-ல் அவரைக் கைது செய்தது. இந்தப் பயிற்சிக்கும் தடை போட்டது. 1842 வரை தடை நீடித்தது. அதற்குள் அவருடைய சீடர்கள் சிலர் அமெரிக்காவுக்குத் தப்பிப் போய்விட்டார்கள். 1820-களில் மாசசூசெட்ஸில் ஜெர்மன் பாணி ஜிம்னாஸ்டிக்ஸ் அப்படித்தான் நுழைந்தது.

அதே மாசசூசெட்ஸில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் ஒய்.எம்.சி.ஏ. பின்னாளில் ஒரு பயிற்சிக் கல்லூரியை நடத்தியது. 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தது அங்கேதான். குளிர்காலம் முழுக்கக் கூடத்துக்குள் ஜிம்னாஸ்டிக்ஸ் மட்டுமே செய்து அலுத்துப்போன மாணவர்களுக்காக உருவான ஆட்டம் அது. ஒழுங்கான படிப்படிப் பயிற்சியும் வேண்டும், சந்தோஷமான ஆட்டமும் வேண்டும் என்ற இந்தப் பள்ளியில் இருந்து வந்தவர்தான் பக்.

பாரிமுனையில் தொடங்கிய வகுப்பு

1884-ல் பென்சில்வேனியாவில் பிறந்த பக், 1919-ல் மெட்ராஸ் வந்தார். அப்போது வயது 35-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. இங்கே தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, சிலம்பம், குஸ்தி எல்லாம் ஏற்கெனவே இருந்தன. வடசென்னைக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அவை வாத்தியாரிடமும் உடற்பயிற்சிக் கூடத்திலும் இருந்தன. பள்ளிக்கூடத்தில் இருந்தவர் டிரில் மாஸ்டர். பெரும்பாலும் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அணிவகுப்பு. ஆறு வயசுக் குழந்தைக்கும் பதினாறு வயசுப் பையனுக்கும் ஒரே லெஃப்ட் ரைட்தான்.

பக் தானே இறங்கி ஊரெல்லாம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. பயிற்சி கொடுப்பவர்களை உருவாக்க 1920-ல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இந்த வகையில் முதல் நிறுவனம் என்று அது அறியப்படுகிறது. முதல் வகுப்புகள் நடந்தது எஸ்பிளனேடில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில். பாரிமுனைப் பக்கம் போகும்போது ஹைகோர்ட்டுக்கு எதிரே சிவப்பாக நிற்குமே, அதுதான். சேர்ந்த மாணவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

உடற்கூறு, உடலியல் பாடங்களோடு ஜிம்னாஸ்டிக்ஸ், தடகளம், குழு ஆட்டங்கள் என்று பாடத்திட்டம் விரிந்தது. வெளிநாட்டு ஆட்டங்களை மட்டும் திணிக்காமல், உள்ளூர் பயிற்சிகளையும் ஆட்டங்களையும் அவர் சேர்த்துக்கொண்டார். அவர் தொகுத்த விளையாட்டு விதிகள் புத்தகம் உடற்கல்வி ஆசிரியர்கள் கையில் பல பதிப்புகளாகப் புழங்கியது.

பக் ஜிம்னாஸ்டிக்ஸ் சாம்பியன்களை உருவாக்கியவர் கிடையாது. அவருக்கு அது பல பாடங்களில் ஒன்று. ஆனால் குழந்தையின் வயதுக்கும் உடம்புக்கும் ஏற்றபடி பயிற்சி இருக்கணும் என்று தெரிந்த ஆசிரியர் பள்ளிக்கு வந்ததில் அவருடைய பங்கு பெரியது. சாம்பியன் எல்லாம் அதற்கு அப்புறம்தானே.

பாரிஸ் பயணம்

1924-ல் பாரிஸ் ஒலிம்பிக். இந்தியாவில் இருந்து போன தடகள அணிக்கு பக் மேலாளர். அணியில் தடை ஓட்ட வீரர் சி.கே.லட்சுமணனும் இருந்தார். பதக்கம் எதுவும் வரவில்லை.

ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த ஏ.ஜி.நோரனும் பக்கும் அந்த வருஷங்களில் இந்தியா முழுக்க அலைந்து மாகாண அளவில் ஒலிம்பிக் சங்கங்கள் உருவாக உதவினார்கள். 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தபோது தொழிலதிபர் டோராப்ஜி டாடா தலைவர், நோரன் செயலாளர். பக் பெயர் அந்த நாற்காலிகளில் இல்லை. அவர் மெட்ராஸுக்குத் திரும்பி வகுப்பைக் கவனித்தார்.

எஸ்பிளனேடு கட்டடம் போதவில்லை. ஓடவும் தாவவும் இடம் வேண்டுமே. இடையில் ராயப்பேட்டைக்கு நகர்ந்த பள்ளி, 1930-களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் அடையாறு ஆற்றை ஒட்டிய பெரிய வளாகத்துக்குப் போனது. இன்றைக்கு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. என்று நாம் சொல்வது அந்த இடம்தான். புத்தகக் கண்காட்சிக்குப் போனவர்களுக்கு மைதானத்தின் அளவு தெரியும்.

1943 ஜூலையில் பக் காலமானார். வந்து 24 வருஷம் ஆகியிருந்தது. அவருக்குப் பின் கல்லூரியை நடத்திய இந்தியர்களில் ஒருவரான பி.எம்.ஜோசப், 1957-ல் குவாலியரில் மத்திய அரசு தொடங்கிய லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரிக்கு முதல் முதல்வராகப் போனார்.

அத்திப்பட்டில் கும்மிடிப்பூண்டி லைன் ரயிலைப் பிடித்து சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவில் மாறினால் நந்தனம் ஸ்டேஷன். பக் தொடங்கிய கல்லூரி அங்கேயே இருக்கிறது. பி.பி.எட். படிப்பவர்கள் பட்டம் வாங்கும் முன் ஏதாவது ஒரு பள்ளிக்குப் போய் நேரடியாக வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும்.