டிரில் பிட்டும் ஸ்டாப்வாட்ச்சும்

இந்த வருஷ சிம்போசியத்துக்கு எங்க டீம் ஒரு ஆர்கேட் கன்ட்ரோல் பேனல் செய்துகொண்டிருக்கிறது. 12 மி.மீ. எம்.டி.எஃப். பலகை, ஒரு ஜாய்ஸ்டிக், எட்டு பட்டன். ஒவ்வொரு பட்டனுக்கும் 30 மி.மீ. ஓட்டை, ஸ்டார்ட் பட்டனுக்கு மட்டும் 24. பார்க்கிற ஜூனியர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: இதுக்கு எந்த டிரில் பிட் வாங்கணும்? சுருக்கமா சொல்லிடறேன். முதல்ல சென்டர் குறிச்சு, 3 மி.மீ. ட்விஸ்ட் டிரில்லால ஒரு சின்ன ஓட்டை. அதுக்கு மேல பெருசா போட வேண்டாம், ஏன்னா அடுத்து வர ஃபோர்ஸ்னர் பிட்டோட நடு முனைக்குப் பிடிமானம் இல்லாம போயிடும். அப்புறம் 30 மி.மீ. ஃபோர்ஸ்னர். ஸ்பேடு பிட் விலை கம்மி, ஆனா பலகையின் பின்பக்கத்தைப் பிய்ச்சிடும். கீழே ஒரு வேஸ்ட் பலகையை வச்சு கிளாம்ப் பண்ணினா தப்பிக்கலாம். மேலே இரும்பு ஷீட் ஒட்டறதா இருந்தா அதுக்கு ஸ்டெப் டிரில்.

அந்த ட்விஸ்ட் டிரில்லை வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. அடித்தண்டுல எச்.எஸ்.எஸ். என்று பொடி எழுத்துல அடிச்சிருக்கும். ஹை ஸ்பீடு ஸ்டீல். எதைவிட ஹை? யார் வச்ச பேர்? இதுக்குப் பதில் தேடிப் போனா, மேனேஜ்மென்ட் பேப்பர்ல இரண்டு மார்க் கேள்வியா நாம எல்லாரும் சந்திச்ச ஒருத்தர் எதிரே வந்து நிற்கிறார். ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர். சயின்டிஃபிக் மேனேஜ்மென்ட்டின் தந்தைன்னு எழுதி மார்க் வாங்கிட்டு மறந்துட்டோமே, அவரேதான். மேனுஃபாக்சரிங் டெக்னாலஜில வர டெய்லர் டூல் லைஃப் ஈக்குவேஷனும் இவருடையதுதான். இரண்டு சப்ஜெக்ட், இரண்டு புத்தகம், ஆள் ஒருத்தர். புத்தகங்கள் இதைச் சேர்த்துச் சொல்வதே இல்லை.

டெய்லர் 1856 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஜெர்மன்டவுன் பகுதியில் பிறந்தார். பணத்துக்குக் குறைவில்லாத வீடு. அப்பா வக்கீல். பையனும் வக்கீலாகணும் என்பது வீட்டு ஆசை. சின்ன வயசிலேயே எதையும் அளக்காமல் விடமாட்டார். கூடப் படிக்கிற பசங்களோடு குரோக்கே விளையாடினால், பந்து எந்தக் கோணத்தில் போகுதுன்னு கணக்குப் போடுவார். ராத்திரியில் கெட்ட கனவு வரும். மல்லாந்து படுக்கும்போதுதான் வருதுன்னு கண்டுபிடிச்சு, முதுகுப் பக்கம் மரமுனை குத்துற மாதிரி ஒரு வார்ப்பட்டை செஞ்சு கட்டிக்கொண்டு தூங்கினார். மல்லாந்தா குத்தும், முழிப்பு வரும். பிரச்சினை, காரணம், கருவி. மனுஷன் வாழ்நாள் முழுக்க இந்த ஒரே வழியில்தான் போனார்.

ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் நல்லா பாஸ் பண்ணினார். ஆனால் கண் பார்வை கெட்டுவிட்டது, தலைவலி. ராத்திரி விளக்கில் படிச்சதுதான் காரணம் என்று நினைத்தார்கள். ஹார்வர்டுக்குப் போகவில்லை. 1874-ல் ஒரு பம்ப் கம்பெனியில் பேட்டர்ன் செய்யவும் மெஷின் ஓட்டவும் கத்துக்கிற அப்ரென்டிஸாகச் சேர்ந்தார். வக்கீல் வீட்டுப் பிள்ளை, கையெல்லாம் கிரீஸோடு நாலு வருஷம். 1878-ல் மிட்வேல் ஸ்டீல் கம்பெனியில் சாதாரணக் கூலியாக நுழைந்தார். அப்போது நாடெங்கும் வேலை கிடைக்காத காலம். அங்கிருந்து கிளார்க், லேத் ஆபரேட்டர், கேங் பாஸ், ஃபோர்மேன், கடைசியில் சீஃப் இன்ஜினியர். இதற்கு ஆறு வருஷம்தான் ஆனது. இதற்கிடையே 1881-ல் அமெரிக்க டென்னிஸ் இரட்டையர் பட்டம் வேறு. 1883-ல் ஸ்டீவன்ஸ் இன்ஸ்டிடியூட்டில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் டிகிரி, அதுவும் வேலை பார்த்துக்கொண்டே தானாகப் படித்து. அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் என்ற பேச்சே இல்லாத காலம் போல.

கேங் பாஸ் ஆனதும் சண்டை ஆரம்பித்தது. தானே லேத்தில் நின்றவர் என்பதால், தொழிலாளர்கள் ஒரு நாளில் முடியக்கூடிய வேலையில் மூன்றில் ஒரு பங்குதான் செய்கிறார்கள் என்பது அவர் கணக்கு. அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. பீஸ் ரேட்டில் அதிகமா செஞ்சு காட்டினா, முதலாளி அடுத்த மாசமே ஒரு பீஸுக்கான கூலியைக் குறைப்பான். அப்புறம் எவன் அதிகமா செய்வான்? டெய்லர் வேகத்தைக் கூட்டச் சொன்னால் மெஷின் ரிப்பேராகும். அவர் ரிப்பேர் செலவை ஆபரேட்டரிடமே அபராதமாகப் பிடித்தார். மூன்று வருஷம் இப்படியே போய், கடைசியில் டெய்லர் ஜெயித்தார். ஜெயித்தாலும், எல்லாரும் தன்னை எதிரியாகப் பார்க்கிற இடத்தில் நாள் முழுக்க நிற்பது கொடுமை என்பதை அவரே பின்னாளில் ஒத்துக்கொண்டார்.

இந்தச் சண்டையில் அவருக்கு ஒன்று புரிந்தது. ஒரு நாளில் எவ்வளவு வேலை முடியும் என்று தொழிலாளிக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. லேத்தை எந்த வேகத்தில் ஓட்டணும், எவ்வளவு ஆழம் வெட்டணும், டூல் முனை எந்த வடிவத்தில் இருக்கணும் என்பதெல்லாம் கைப்பழக்கம்தான். அளந்து பார்த்தால் சண்டையே இருக்காது என்று நம்பினார். கம்பெனித் தலைவர் வில்லியம் செல்லர்ஸிடம் பரிசோதனைக்கு அனுமதி கேட்டார். கிடைத்தது. 1880-ல் ஆரம்பித்தது, ஆறு மாசத்தில் முடியும் என்று நினைத்த வேலை. முடிய 26 வருஷம் ஆனது. நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட்டே தள்ளிப் போகுதுன்னு கவலைப்படறவங்க கவனிக்க.

ரயில் எஞ்சின் சக்கரத்தின் கடினமான ஸ்டீல் டயரை ஒரு பெரிய போரிங் மில்லில் ஏற்றி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி, மற்றதை எல்லாம் அப்படியே வைத்து வெட்டிப் பார்த்தார்கள். வேகம், ஃபீடு, ஆழம், முனையின் வடிவம், கூலன்ட் என்று மொத்தம் 12 காரணிகள். கூர்முனையைவிட வளைந்த முனை நல்லது என்று தெரிந்தது. வெட்டுகிற இடத்தில் தண்ணீரைத் தாராளமாகக் கொட்டினால் வேகத்தை 40 சதவீதம் வரை கூட்டலாம் என்றும் தெரிந்தது. அதை வைத்து 1884-ல் மிட்வேல் புதிதாகக் கட்டிய ஷாப்பில் மெஷின்களுக்கெல்லாம் தண்ணீர் வசதி செய்தார்கள். பல வருஷங்களில் பல கம்பெனிகளில் நடந்த இந்தப் பரிசோதனைகளின் எண்ணிக்கை 30,000-ஐத் தாண்டியது. சீவித் தள்ளிய உலோகம் 8 லட்சம் பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 360 டன். எல்லாம் வெறும் டேட்டாவுக்காக.

எச்.எஸ்.எஸ். பிறந்தது இந்த வரிசையின் நடுவில், பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனியில். டெய்லர் அங்கே 1898-ல் போனார். கம்பெனிக்கு எந்த டூல் ஸ்டீல் சிறந்தது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு ஸ்டீலைத் தேர்ந்தெடுத்து, ஃபோர்மேன்களை எல்லாம் கூப்பிட்டு டெமோ காட்டினால், அது மற்றதைவிட மட்டமா வெட்டியது. பெரிய அவமானம். கொல்லர் உலையில் அதிகமாகச் சூடாக்கிக் கெடுத்திருப்பார் என்று சந்தேகம் வந்தது. வேறு ஒருத்தராக இருந்தால் கொல்லரைத் திட்டிவிட்டுப் போயிருப்பார். டெய்லரும் மௌன்செல் ஒயிட் என்ற உலோகவியலாளரும் வேண்டுமென்றே டூல்களைப் படிப்படியாக அதிகச் சூட்டில் காய்ச்சி, ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பார்த்தார்கள். டங்ஸ்டனும் குரோமியமும் கலந்த ஸ்டீல் அது. 850 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் டூல் பாழாகும் என்பது எல்லா உலைக்களத்துக்கும் தெரிந்த பாடம். அதே மாதிரி பாழானது. ஆனால் நிறுத்தாமல் ஆயிரத்தைத் தாண்டி, கிட்டத்தட்ட உருகப் போகும் வரை கொண்டுபோனபோது, பாழாக வேண்டிய டூல் முன்னைவிடப் பல மடங்கு நன்றாக வெட்டியது. கெட்டுப்போகும் எல்லைக்கு அந்தப் பக்கம் இப்படி ஒன்று இருக்கும்னு அதுவரை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

1900-ல் பாரிஸ் கண்காட்சியில் இதை ஓட்டிக் காட்டினார்கள். டூல் முனை செந்நிறமாகக் கனன்றுகொண்டே வெட்டுகிறது, நீல நிறத்தில் சீவல் சுருண்டு சுருண்டு விழுகிறது. ஐரோப்பிய இன்ஜினியர்கள் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, புது ஸ்டீலுக்கு ஏற்ற மாதிரி தங்கள் மெஷின்களையே மாற்றி வடிவமைக்க வேண்டியதாயிற்று. பழைய லேத்துகளுக்கு அந்த வேகத்தைத் தாங்கும் பலம் இல்லை.

ஆக, கையில் இருக்கிற பிட்டுக்கு வருவோம். சாதா கார்பன் ஸ்டீல் பிட் 200, 250 டிகிரியிலேயே கடினத்தை இழக்க ஆரம்பிக்கும். முனை நீலமாச்சுன்னா கதை முடிஞ்சுது. எச்.எஸ்.எஸ். 600 டிகிரி அளவுக்குத் தாக்குப் பிடிக்கும். ஹை ஸ்பீடு என்ற பேரு இந்த வித்தியாசத்துக்குத்தான். மரத்துக்கு மட்டும்னா கார்பன் ஸ்டீலும் போதும், இரும்பு ஷீட் வந்தா போதாது. அதுக்காக எச்.எஸ்.எஸ். என்ன வேகத்தையும் தாங்கும்னு அர்த்தம் இல்ல. டெய்லரின் ஈக்குவேஷன், வேகத்தை டூல் ஆயுளின் n அடுக்கால் பெருக்கினால் ஒரு மாறிலி. எச்.எஸ்.எஸ்.க்கு n கிட்டத்தட்ட 0.125. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்க. வேகத்தை 10 சதவீதம் கூட்டினா ஆயுள் பாதிக்கும் கீழே போயிடும். இரட்டிப்பாக்கினா 256-ல் ஒரு பங்கு. பரீட்சைக்குப் படிக்கும்போது இது வெறும் எண். 3 மி.மீ. பிட்டை 3000 ஆர்.பி.எம்.மில் ஓட்டினால் விளிம்பு வேகம் நிமிஷத்துக்கு 28 மீட்டர், மைல்டு ஸ்டீலுக்குச் சரியா இருக்கும். ஸ்விட்சைத் தொடாம அதே டிரில்லில் ஸ்டெப் டிரில்லை மாட்டி 30 மி.மீ. படிக்குப் போனா 280-ஐத் தாண்டிடும். 300 ஆர்.பி.எம்.முக்கு இறக்கணும். எம்.டி.எஃப்.லயும் இப்படித்தான், ஃபோர்ஸ்னரை வேகமா ஓட்டினா ஓட்டையின் ஓரம் கருகி நாத்தம் வரும். பெரிய பிட், மெதுவான வேகம்.

12 காரணிகளையும் ஒரு தொழிலாளி மனசுக்குள் கணக்குப் போட முடியாதே? கார்ல் பார்த் என்ற கணித வல்லுநர், டெய்லருக்காக ஒரு ஸ்லைடு ரூல் செய்தார். நகர்த்தினால் அரை நிமிஷத்தில் சரியான வேகமும் ஃபீடும் வந்துவிடும். இங்கேதான் எனக்கு டெய்லர் மீது பிரமிப்பும் சங்கடமும் சேர்ந்தே வருகிறது. அந்த ஸ்லைடு ரூல் தொழிலாளியின் கையில் இல்லை. பிளானிங் ஆபீஸில் இருந்தது. யோசிக்கிறது ஆபீஸ், செய்கிறது கை. இருபது வருஷம் லேத்தில் நின்றவர் தன் கைப்பழக்கத்தால் தெரிந்துவைத்திருந்தது எல்லாம் ஒரு சீட்டில் எழுதப்பட்டு, அவருக்கே உத்தரவாகத் திரும்பி வந்தது.

அதே பெத்லஹேமில்தான் பிக் அயர்ன் கதையும் நடந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 12.5 டன் இரும்புக் கட்டிகளைச் சுமந்துகொண்டிருந்த இடத்தில், ஷ்மிட் என்று அவர் பெயர் வைத்த ஒரு தொழிலாளியை 47.5 டன் சுமக்க வைத்தார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 ஆனது. வேலை கிட்டத்தட்ட நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்கு சொச்சம். அந்த மனிதரை மாட்டுக்கு நிகரான புத்தி உள்ளவர் போல டெய்லர் தன் புத்தகத்தில் வர்ணித்திருப்பதைப் படிக்கும்போது எரிச்சல் வருகிறது. அவரோட நிஜப் பெயர் ஹென்றி நோல். நாள் முழுக்கச் சுமந்துவிட்டு வந்து தனக்கென்று சொந்தமாக வீடு கட்டிக்கொண்டிருந்தவர். டெய்லர் இந்தக் கதையை நிறையவே ஜோடித்துச் சொன்னார் என்று பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஸ்டீல் டயர் விஷயத்தில் ஒரு எண்ணைக்கூட ஜோடிக்கத் தேவைப்படாத மனுஷர் இவர். ஸ்டீலை எத்தனை தடவை வெட்டினாலும் அது எதிர்த்துப் பேசாது, இந்த வேகம் எனக்கு வேண்டாம்னும் சொல்லாது. மனுஷங்க சொல்வாங்க.

1901-ல் நிர்வாகத்தோடு முட்டிக்கொண்டு பெத்லஹேமிலிருந்து வெளியேறினார். 1906-ல் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தின் தலைவராக, 26 வருஷப் பரிசோதனையை எல்லாம் ஒரே பெரிய கட்டுரையாக வாசித்தார். உலோகம் வெட்டும் கலை பற்றிய அந்தக் கட்டுரைதான் நம்ம டூல் லைஃப் பாடத்துக்கு ஆதாரம். 1909-ல் எச்.எஸ்.எஸ். பேட்டன்ட் செல்லாது என்று கோர்ட் தீர்ப்பு சொன்னது. 1911-ல் சயின்டிஃபிக் மேனேஜ்மென்ட் புத்தகம் வந்தது. அதே வருஷம் ஆகஸ்டில், பாஸ்டன் பக்கம் வாட்டர்டவுனில் இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலையில் ஸ்டாப்வாட்ச்சோடு ஒருவர் வந்து நின்றார். ஒரு மோல்டர் தன் வேலையை நேரம் பார்க்க விடமாட்டேன் என்று மறுத்தார். அவரை வேலையை விட்டு நீக்க, ஃபவுண்டரியே வெளிநடப்பு செய்தது. விஷயம் அமெரிக்க காங்கிரஸ் வரை போனது. 1912 ஜனவரியில் டெய்லரை நாட்கணக்கில் விசாரித்தார்கள். என் முறை புரிந்தால் முதலாளியும் தொழிலாளியும் நண்பர்களாவார்கள் என்று கடைசி வரை வாதாடினார். எதிரில் உட்கார்ந்திருந்த தொழிற்சங்கக்காரர்களுக்கு அது புரியவில்லையா, நன்றாகவே புரிந்ததா என்பது வேறு கேள்வி.

கடைசி வருஷங்களில் கோல்ஃப் மைதானப் புல்லை எந்த மண்ணில் எப்படி வளர்ப்பது என்று வீட்டில் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். கோல்ஃப் ஆட்டத்துக்குத் தானே வினோதமான மட்டைகள் செய்துகொண்டார். 1915-ல் ஒரு பயணத்தில் சளி பிடித்து, நிமோனியாவாகி, ஃபிலடெல்ஃபியா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 59-வது பிறந்த நாளுக்கு மறுநாள், மார்ச் 21 அன்று இறந்தார். அதே வருஷம் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளில் தொழிலாளிகளை ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் பார்க்கக் கூடாது என்று காங்கிரஸ் தடை போட்டது. 1949 வரை அந்தத் தடை அமலில் இருந்தது.